முட்டி வீங்கினால் தொடை தூங்கும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய குடும்பங்களில் ஐந்தாம், ஆறாம் நாளில் ஒரு கலக்கம் வரும். ஆஸ்பத்திரியில் ஓரளவுக்கு இருந்த வீக்கம் வீட்டுக்கு வந்த பிறகு கூடியிருக்கும். தொடை பருத்திருக்கும். முட்டிச் சில்லு இருக்கும் இடமே தெரியாது. கணுக்கால் எலும்பு புதைந்து போயிருக்கும். இதோடு கெண்டைக்காலின் பின்புறமும் குதிகாலும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். "வெட்டினது முட்டியில, கறுத்திருக்கிறது குதிகால்லயா?" என்று ஆளாளுக்குப் பதறுவார்கள்.

பெரும்பாலும் இது எதிர்பார்க்க வேண்டிய மாற்றம்தான். மூட்டு மாற்றுக்குப் பிந்தைய வீக்கம் முதல் வாரத்தின் கடைசியை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல மெல்ல வடியும். மூன்று மாதம் கழித்து அளந்தாலும் பலருக்கு அந்தக் கால் மற்றதைவிடச் சற்றுப் பருமனாகவே இருக்கும். தொட்டால் சூடு தெரிவது அதற்கும் மேலாக, பல மாதங்கள் நீடிக்கலாம்.

வீக்கம் இயல்பானது என்று தெரிந்ததும் பலர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் வரும் இழப்பு பெரிது. வீக்கத்தால் ஏற்படும் வலியையும் இறுக்கத்தையும் எல்லோரும் உணர்கிறார்கள். அது தொடைத் தசைக்குச் செய்யும் கெடுதல் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. வீக்கத்தை ஏன் கவனிக்க வேண்டும், எந்த அளவுக்குக் கவனிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தத் தசையில்தான் இருக்கிறது.

நீர் எங்கிருந்து வருகிறது?

ஆரோக்கியமான முழங்காலுக்குள் இருக்கும் மூட்டுத் திரவம் மிகக் குறைவு. சாதாரணமாக 4 மில்லிலிட்டருக்கு மேல் போகாது. ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது. இவ்வளவு சிறிய அளவுக்குப் பழகிய இடத்தில் அறுவை சிகிச்சை நடக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை கீறித் திறக்கப்படுகிறது. முட்டிச் சில்லு ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகிறது. தொடையெலும்பின் கீழ்முனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சீவப்படுகின்றன. எலும்பைப் பலர் உலர்ந்த பொருளாக நினைக்கிறார்கள். உண்மையில் எலும்பின் முனைகள் ரத்தம் ஊறிய திசு. சீவிய பரப்பிலிருந்து சிகிச்சை முடிந்த பிறகும் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கசிவின் பெரும்பகுதி கண்ணுக்குப் படுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு மூட்டு மாற்று நோயாளிகளின் மொத்த ரத்த இழப்பைக் கணக்கிட்டது. சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். அதில் பாதி, எந்தப் பாட்டிலிலும் பஞ்சிலும் சேராமல் மூட்டுக்குள்ளும் தசைகளுக்கு இடையிலும் தங்கிய ரத்தம். அந்த ரத்தம் புவியீர்ப்பால் தசை இடுக்குகள் வழியே கீழே இறங்குகிறது. குதிகால் கறுப்பதற்குக் காரணம் இதுதான். நாட்கள் செல்லச் செல்ல ஹீமோகுளோபின் சிதைந்து பச்சை நிறமியாகவும் பிறகு மஞ்சள் நிறமியாகவும் மாறும். கன்றிய இடம் நிறம் மாறி வெளுப்பது உடல் அந்த ரத்தத்தை அப்புறப்படுத்தும் வேலை நடப்பதன் அடையாளம்.

இந்த இழப்பைக் குறைத்ததில் ஒரு ஜப்பானியத் தம்பதிக்குப் பெரும் பங்கு உண்டு. உட்டாகோ ஒகாமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகே ஒகாமோட்டோவும் பிரசவத்தின்போது ரத்தப்போக்கால் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற மருந்து தேடினார்கள். 1962-இல் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி அறிவித்தார்கள். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் தடுக்கும் மருந்து இது. பல ஆண்டுகள் கழித்து எலும்பு அறுவை சிகிச்சையில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. மூட்டு மாற்றில் ரத்த இழப்பும் ரத்தம் ஏற்றும் தேவையும் இதனால் கணிசமாகக் குறைந்தன. வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலை ஐஸ் பைக்கு முன்பே, ஆபரேஷன் தியேட்டரில் தொடங்கிவிடுகிறது.

ரத்தம் ஒரு பங்கு என்றால் மறு பங்கு அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சியின் நான்கு அடையாளங்களையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வரிசைப்படுத்தினார். அதில் வீக்கம் மட்டும் எப்படி நேர்கிறது என்பதற்கு அடிப்படை விளக்கம் 1896-இல் லண்டன் உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கிடமிருந்து வந்தது. ரத்த அழுத்தம் நுண்குழாய்களிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் உள்ள புரதம் அதை உள்ளே பிடித்து வைக்கிறது. அடிபட்ட திசுவில் ஹிஸ்டமின், பிராடிகைனின், புராஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் சுரந்து குழாய்ச் சுவரின் இடைவெளிகளை விரித்துவிடுகின்றன. புரதமே வெளியே கசிகிறது. பிடித்து வைக்க வேண்டிய சக்தி பலவீனமாகிறது, நீரும் பின்தொடர்கிறது.

அப்படி வெளியேறிய நீரும் புரதமும் ரத்தத்துக்குத் திரும்பப் பெரும்பாலும் நிணநீர்க் குழாய்களைத்தான் நம்பியிருக்கின்றன. அறுவை சிகிச்சையின்போது இவற்றிலும் சில அறுபடுகின்றன. மழைக்கால ஏரி ஒன்றுக்கு வரத்து பல மடங்காகி, கலிங்கும் பாதி அடைத்துக்கொண்ட நிலைமை இது. நிணநீர்க் குழாய்கள் தாமாகச் சுருங்கி விரியக்கூடியவைதான். ஆனாலும் சுற்றியுள்ள தசைகள் அசைந்து பிழிந்து கொடுத்தால்தான் அவற்றின் ஓட்டம் சுறுசுறுப்பாகும். அசையாத காலில் நீர் தேங்குவதன் ரகசியம் இதுவே.

இந்த நீரோடுதான் வெள்ளணுக்கள் வருகின்றன. சிதைந்த திசுவை அகற்றுகின்றன, புதிய திசு வளரச் சமிக்ஞை கொடுக்கின்றன. ஆகவே வீக்கத்தை அடியோடு துடைத்தெறிய முடியாது. முயலவும் கூடாது. தேவைக்கு மேல் தேங்குவதைக் குறைப்பதே நம் கையில் உள்ள வேலை.

கேட்க மறுக்கும் தொடை

இரண்டாவது வாரம். கட்டிலில் ஓர் அம்மா காலை நீட்டிப் படுத்திருக்கிறார். பிசியோதெரபி செய்ய வந்த இளைஞர் முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைக்கிறார்.

"அம்மா, துண்டைக் கீழ அழுத்துங்க. தொடை இறுகுதான்னு உங்க கையை வச்சுப் பாருங்க."

"அழுத்திக்கிட்டுத்தான் தம்பி இருக்கேன். அது என் கால் மாதிரியே இல்லையே."

நல்ல காலில் அதையே செய்யச் சொல்கிறார். தொடை உடனே கெட்டியாகிறது, முட்டிச் சில்லு மேல்நோக்கி நகர்கிறது. ஆபரேஷன் செய்த காலில் முகம் சுளிக்கும் அளவுக்கு முயன்றும் தொடையின் முன்பக்கம் தளர்வாகவே கிடக்கிறது. பின்தொடை மட்டும் இறுகுகிறது. காலைத் தூக்கச் சொன்னால் தொடை எழும்புகிறது. முட்டி மடங்கியபடியே, குதிகால் பின்தங்கித் தொங்குகிறது.

பக்கத்தில் நிற்பவர்கள் இதைப் பயம் என்பார்கள், வயசு என்பார்கள், சோம்பல் என்றுகூடச் சொல்வார்கள். மூன்றும் தவறு. 1965-இல் டி ஆண்ட்ராடி, கிரான்ட், டிக்சன் ஆகிய மூவர் முழங்காலுக்குள் திரவத்தைச் செலுத்தி, மூட்டு விரியும்போது தொடைத் தசையின் செயல்பாடு குறைவதைக் காட்டினார்கள். 1984-இல் ஸ்பென்சரும் அவருடைய சகாக்களும் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். எந்த நோயும் இல்லாத முழங்காலில் உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டர் ஏறியபோதே முட்டியின் உட்புறம் உள்ள தசைப்பகுதி மங்கியது. 50, 60 மில்லிலிட்டரை எட்டியபோது தொடையின் மற்றப் பகுதிகளும் அடங்கின. வெட்டு இல்லை, தையல் இல்லை. மூட்டு விரிந்தது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மூட்டு உறையில் இழுவையை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. உறை உப்பியதும் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முழங்காலை நீட்டும் தசையான குவாட்ரிசெப்ஸுக்குப் போகும் கட்டளையைத் தண்டுவடம் தணித்துவிடுகிறது. அனிச்சைச் செயல் என்பதால் மனஉறுதியால் மட்டும் இதை மீற முடியாது. மூட்டு மாற்று செய்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு வியக்க வைக்கும். சிகிச்சைக்கு முன்பு இருந்த தொடை வலுவில் ஒரு மாதத்துக்குள் 62 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் தசையின் பருமன் 10 சதவீதம்தான் சுருங்கியிருந்தது. தசை பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது. அதற்குக் கட்டளை முழுமையாகப் போய்ச் சேரவில்லை. வலு குறைந்ததற்குத் தசை மெலிந்ததைவிட இதுவே பெரிய காரணம் என்று அந்த ஆய்வு கண்டது. 2010-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், சிகிச்சைக்குப் பிந்தைய முட்டி வீக்கத்துக்கும் தொடை வலு இழப்புக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நீர் கோத்த முழங்காலுக்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது கால் சுமார் 30 டிகிரி மடங்கிய நிலையில் என்று 1964-இலேயே அளந்திருக்கிறார்கள். அதனால்தான் நோயாளிகள் முட்டிக்குக் கீழே தலையணை கேட்கிறார்கள். வைத்ததும் அவர்களுக்குச் சுகமாக இருக்கும், பார்க்கிறவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்புறத் திசுக்கள் குறுகி, கால் முழுதாக நீளாமல் போகும். நீளாத காலால் நடப்பவருக்குத் தொடை சீக்கிரம் களைக்கும், நடை சாயும், மூட்டு மறுபடி வீங்கும். வீக்கம் தசையை முடக்க, முடங்கிய தசை வீக்கத்தை வளர்க்கிறது.

உயரம், அசைவு, குளிர்ச்சி

முதல் மருந்து புவியீர்ப்பை நம் பக்கம் திருப்புவது. அசையாமல் நிற்கும் மனிதரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். படுத்துக் காலை இதயத்துக்கு மேல் உயர்த்தினால் அந்தச் சுமை போய்விடும். நாற்காலியில் சாய்ந்து காலை ஸ்டூலில் நீட்டுவதை உயர்த்தியதாகக் கணக்கில் கொள்ளக் கூடாது. இதயம் அப்போதும் காலுக்கு மேலேதான் இருக்கிறது. படுத்தபடி, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் தலையணைகளை அடுக்கி, முட்டியின் பின்புறம் காலியாக இருக்கும்படி விட வேண்டும். வீக்கமும் வடியும், காலும் நேராகும்.

இரண்டாவது அசைவு. நடக்கும்போது கெண்டைத் தசை சிரைகளைப் பிழிவதால் அந்த 90 என்ற அழுத்தம் 30-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. நடக்க முடியாத நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டுவது இதே வேலையை ஓரளவு செய்யும். ஆகவே முதல் வாரங்களில் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது. ஒரே மூச்சில் நீண்ட தூரம் நடப்பதும், மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்வதும் வீக்கத்தைக் கூட்டும். நலம் விசாரிக்க வருபவர்களை மரியாதைக்காக நாற்காலியில் உட்கார்ந்தே வரவேற்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு மாலைக்குள் நான்கு குடும்பங்கள் வந்து போனால் இரவில் அந்தக் கால் கல்லாய்க் கனக்கும். படுத்தபடியே பேசுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது ஐஸ். அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்துப் பிரபலமாக்கினார். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். மூட்டு மாற்றுக்குப் பிறகு ஐஸ் வைப்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வலி சற்றுக் குறைகிறது என்றும், வீக்கத்தில் பெரிய மாறுதலுக்கு உறுதியான சான்று இல்லை என்றும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அப்படியானால் ஐஸ் எதற்கு? நீர் ஏற்றிய முழங்காலில் ஐஸ் வைத்தபோது அடங்கிப்போன தொடைத் தசை மீண்டும் விழித்ததை 2002-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. உடற்பயிற்சிக்குச் சற்று முன்பு ஐஸ் வைத்துக்கொள்வதற்கு அதனால் நல்ல காரணம் இருக்கிறது. வலி குறைந்த, தசை விழித்த அந்த நேரத்தில் பயிற்சி செய்தால் முழுப் பயன் கிடைக்கும்.

ஐஸில் ஓர் ஆபத்தும் உண்டு. முட்டியின் முன்புறம் கீறும்போது தோலுக்குச் செல்லும் மெல்லிய நரம்புக் கிளை ஒன்று பெரும்பாலும் அறுபடும். தழும்பின் வெளிப்பக்கத் தோல் பல மாதங்கள் மரத்திருப்பது அதனால்தான். மரத்த தோலுக்குக் குளிர்ச்சி சுடுவது தெரியாது. சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. துணியைச் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைத்து, எடுத்ததும் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். சுடுநீர் ஒத்தடமும், எண்ணெய் போட்டு உருவுவதும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். சூடு ரத்தக் குழாய்களை விரித்துக் கசிவைக் கூட்டும். ஆறாத காயத்தின் மீது எண்ணெய் படுவதும், ரத்தம் உறைந்திருக்கக்கூடிய கெண்டைக்காலை அழுத்தி உருவுவதும் ஆபத்து.

சாப்பாட்டையும் இங்கே பேச வேண்டும். ஆபரேஷன் செய்தவருக்கு முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று பயந்து ரசம் சாதத்தோடு நிறுத்தும் வீடுகள் இன்றும் உள்ளன. ஸ்டார்லிங் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைப்பது புரதம். புண் ஆறவும் தசை வளரவும் தேவைப்படுவதும் அதுவே. மருத்துவர் வேறு காரணத்துக்காகத் தடுத்தால் தவிரப் புரதத்தைக் குறைக்கக் கூடாது. வலி மாத்திரை விஷயத்தில் இதற்கு நேர்மாறான கட்டுப்பாடு வேண்டும். புராஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுத்து அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளுக்குச் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கும் குணம் உண்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கி, எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் போடுவது முதியவர்களுக்கு ஆகாது. இரண்டு கணுக்கால்களும் சேர்ந்தாற்போல் வீங்கினால் காரணம் முட்டியாக இருக்காது. இதயம், சிறுநீரகம் பற்றியோ, ரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையைப் பற்றியோ மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த மாத்திரைக்குக் கணுக்கால் வீக்கம் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு.

காலையில் ஓர் அளவு

வீக்கத்தை மனக்கணக்கில் மதிப்பிட்டால் பயமோ நம்பிக்கையோ ஏமாற்றிவிடும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். தினமும் காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பு, காலை நீட்டிப் படுத்த நிலையில், முட்டிச் சில்லின் நடுவில் சுற்றளவை எடுத்துக் காலண்டரில் குறித்துவைக்கலாம். டேப்பை இறுக்காமல், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் சுற்ற வேண்டும்.

முந்தைய நாள் செய்த வேலைக்கு மூட்டு தரும் பதில் அந்த எண்ணில் இருக்கிறது. நேற்று மாடிப்படி ஏறி இறங்கி, பயிற்சியும் இருமடங்கு செய்திருந்தால், இன்று காலை அளவு கூடி, முட்டி இறுகி, தொடை சரியாக இறுகாமல் இருக்கலாம். அப்போது ஒரு படி கீழே இறங்கி, அதற்கு முந்தைய நாளின் அளவில் பயிற்சியை வைத்துக்கொள்ள வேண்டும். அளவு அப்படியே இருந்தாலோ குறைந்தாலோ சற்றுக் கூட்டலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர் சீக்கிரம் தேறுவார் என்ற எண்ணம் இங்கேதான் சறுக்குகிறது. ஒரு நாள் வீரத்துக்காக மூன்று நாள் தொடையை இழப்பதில் லாபமில்லை. வீக்கத்துக்குப் பயந்து படுத்தே கிடப்பவருக்கும் அதே இழப்புதான்.

சில அறிகுறிகளைக் கண்டால் காலண்டரை ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரெனப் புதிதாக வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்தால் அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், பரவும் சிவப்பு, காயத்திலிருந்து நிற்காத கசிவு, குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது ஆகியவை தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றுக்கு வீட்டில் ஐஸ் வைத்துக் காத்திருப்பது தவறு.

மற்றபடி முதல் ஆறு வாரங்களில் வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. "இன்னிக்கு எத்தனை தூரம் நடந்தீங்க?" என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக, "முட்டி கட்டிலைத் தொடுதா? தொடை இறுகுதா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வரத் தொடங்கினால் வீக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கால் சரியான வழியில்தான் போகிறது. இல்லை என்றால் அவரைத் திட்டுவதிலும் விரட்டுவதிலும் பயனில்லை. உயர்த்துங்கள், ஐஸ் வையுங்கள், பயிற்சியை அளவோடு பிரித்துக் கொடுங்கள், பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மின்தூண்டல் மூலம் அந்தத் தசையை எழுப்பும் வழியும் அவரிடம் இருக்கிறது. புதிய மூட்டை அறுவை மருத்துவர் ஒரே நாளில் பொருத்திவிடுகிறார். அதை இயக்கும் தசையை மீட்பது அதற்குப் பிந்தைய மாதங்களில் வீட்டில் நடக்கும் வேலை. அந்த வேலையில் எவ்வளவு கூட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை ஒவ்வொரு நாளும் சொல்லும் அளவுகோல் வீக்கமே.